நூல் கட்டிய குப்பி

முத்தையாபுரத்துப் பக்கம் ஓர் உப்பளத்தில் என் அய்யாவுக்கு டிகிரி பார்க்கிற வேலை. அம்மா அதே அளத்தில் உப்புப் பெட்டி சுமந்தாள். தெப்பத்தில் தேக்கிய நீரை எப்போது பாத்திக்குத் திறப்பது, உப்பு விளைந்தபின் மிஞ்சிய நீரை எப்போது வடிப்பது என்று சொல்வது அய்யாவின் பொறுப்பு. அதற்காக அவரிடம் ஒரு கண்ணாடி இருந்தது. அடியில் ஈயக்குண்டு, மேலே மெல்லிய தண்டு, தண்டுக்குள் சுருட்டிவைத்த காகிதத்தில் எண்கள். நெட்டைக் குவளையில் நீரை மொண்டு அதை விட்டால் நிமிர்ந்து மிதக்கும். நீர் எந்த எண்ணைத் தொடுகிறதோ அதுதான் டிகிரி.

உப்பு கரையக் கரைய நீர் கனக்கும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் 1,000 கிராம் என்றால் கடல்நீர் ஏறக்குறைய 1,025 கிராம். உப்பு படியத் தொடங்கும் நீர் 1,210 கிராம். நீர் கனக்கக் கனக்க, மிதப்பதை மேலே தூக்கும். கடல்நீரில் கண்ணாடி 3, 3.5 காட்டும். வெயிலும் காற்றும் நீரைக் குடிக்க, 15 டிகிரியை ஒட்டி ஜிப்சம் அடியில் தங்கத் தொடங்கும். 25இல் உப்பு பூக்கும். 29ஐத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசக்கும். மூட்டையில் ஈரம் கசியும். அந்த 25க்கும் 29க்கும் நடுவில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது.

நான் ஏழாம் வகுப்புப் படித்தபோது அந்தக் கண்ணாடியைக் கைதவறிப் போட்டு உடைத்துவிட்டேன். அளத்துக்காரர் அதன் விலையை அய்யாவின் கூலியில் பிடித்தார். புதியது வர நாளாகும். நான் அழுதுகொண்டு நின்றேன். "கண்ணாடிதானட்டி ஒடஞ்சிருக்கு, தண்ணியா ஒடஞ்சிட்டு?" என்றார் அய்யா.

ஹோமியோபதி மாத்திரை வந்த ஒல்லிக் குப்பி ஒன்றில் கொஞ்சம் மணலை இட்டு, மெழுகால் வாயை அடைத்தார். அப்போதுதான் உப்பு பூத்திருந்த பாத்தியின் நீரில் அதை மிதக்கவிட்டு, நீர்மட்டம் தொட்ட இடத்தில் கறுப்பு நூலைக் கட்டினார். பிறகு, நாக்கில் வைத்தால் கசக்கிற நீரில் விட்டார். குப்பி இன்னும் சற்று எழுந்தது. கறுப்புக்குக் கீழே சிவப்பு நூல் ஏறியது. புதுக் கண்ணாடி வரும்வரை அந்த இரண்டு நூல்களை வைத்தே அளம் நடந்தது.

அறிவியல் ஆசிரியை ஆனபின், சீனத்தில் உப்பு காய்ச்சிய முறை பற்றிப் படிக்கையில் அய்யாவின் குப்பியை மறுபடி கண்டேன். இன்றைய ஷாங்காய்ப் பகுதியில் இருந்த சியாஷா உப்பளத்தை 1334ஆம் ஆண்டில் சென் சுன் என்ற அதிகாரி படங்களோடு நூலாக்கினார். அதன் பெயருக்கு 'அலையைக் காய்ச்சும் படங்கள்' என்று பொருள். அங்கே உப்புநீரை அடுப்பேற்றிக் காய்ச்சினார்கள். நீர் நீர்த்திருந்தால் எரிபொருள் வீண். ஆகவே அடுப்பேற்றுமுன் தாமரை விதைகளால் சோதித்தார்கள். ஒரு விதையைக் கெட்டியான உப்புநீரிலும், மற்றொன்றை மூன்று பங்கு உப்புநீருக்கு ஒரு பங்கு நீர் கலந்ததிலும், இன்னொன்றைச் சரிபாதியிலும், நான்காவதை ஒன்றுக்கு இரண்டு நீர் கலந்ததிலும் ஊறவைப்பார்கள். நான்கையும் ஒரு மூங்கில் குழாயில் இட்டு, விதை வெளியே வராதபடி மூங்கில் நாரால் தடுப்பார்கள். அதில் உப்புநீரை மொண்டு, எந்த விதை மிதக்கிறது, எது மூழ்குகிறது என்று பார்த்துத் தரம் சொல்வார்கள்.

நான் உடைத்த கண்ணாடிக்கும் இதே பிறப்புதான். பாரிஸ் மருந்தாளர் ஆந்துவான் போமே 1768இல் அதன் டிகிரி அளவையை வகுத்தார். தூய நீரில் கருவி நின்ற இடம் 0. 15 பங்கு உப்பை 85 பங்கு நீரில் கரைத்து, அதில் நின்ற இடம் 15. இடைவெளியைச் சமமாகப் பிரித்து, அதே அளவில் 15க்கு அப்பாலும் நீட்டினார். பிற்காலத்தில் அமிலமும் பாகும் அளக்கப் போன அந்த எண்கள் உப்புநீரில் பிறந்தவை. சென் சுன் காலத்து அளக்காரர்களும், போமேயும், பள்ளிக்கூடம் போகாத என் அய்யாவும் உப்பை அளக்க உப்பிடமே குறி கேட்டிருக்கிறார்கள்.

அந்தக் குப்பியை ஒவ்வோர் ஆண்டும் வகுப்புக்குக் கொண்டுபோவேன். கண்ணாடிக் குவளையில் ஒரு லிட்டர் தண்ணீர் வைத்துக் குப்பியைப் போட்டால் மூழ்கிவிடும். பிள்ளைகள் உப்பைப் போட்டுக் கலக்குவார்கள். போகப்போகக் குப்பி அடியைவிட்டு எழும்பும், தலை நீட்டும். 360 கிராம் அளவில், இனிக் கரையமாட்டேன் என்று உப்பு அடியில் தங்கத் தொடங்கும். அப்போது குனிந்து பார்க்கச் சொல்வேன். அய்யா கட்டிய கறுப்பு நூலை ஒட்டி நீர் நிற்கும்.