ராஃபிள்ஸ் ஹோட்டல்: ஒரு கட்டடத்தைச் சான்றாக வாசிப்போம்

வரலாற்றுக் கட்டுரை என்றதும் ஆண்டுகளையும் பெயர்களையும் மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுகிறோம். ஒரு கட்டடமும் சான்றுதான் என்பது நமக்குச் சட்டென்று தோன்றுவதில்லை. மாணவர்களே, இந்த வாரம் சிட்டி ஹால் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி, ராஃபிள்ஸ் ஹோட்டல் வரை நடந்து போய்ப் பாருங்கள். உள்ளே தங்குவது நம் கைக்கு எட்டாது. ஆனா வெளியே நின்று பார்க்க யாரும் காசு கேட்க மாட்டாங்க! போகும்போது நான்கு கேள்விகளை எடுத்துக்கொண்டு போங்கள்.

முதல் கேள்வி: ஹோட்டல் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது? அது இருக்கும் சாலையின் பெயர் பீச் ரோடு. சுற்றிப் பார்த்தால் கடலே தெரியாது. பெயர் பொய் சொல்கிறதா? இல்லை. ஆர்மீனியர்களான சார்க்கீஸ் சகோதரர்கள் 1887 டிசம்பர் 1ஆம் தேதி, ஒரு பழைய பங்களாவில் 10 அறைகளோடு இந்த ஹோட்டலைத் திறந்தபோது, அதன் எதிரே கடல்தான் இருந்தது. பிறகு கடலை மண்போட்டு நிரப்பி நிலமாக்கினார்கள். கரை தள்ளிப் போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. சாலைப் பெயரும் ஒரு சான்று என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்வி: கட்டடம் ஏன் இந்த வடிவத்தில் இருக்கிறது? இன்று நாம் பார்க்கும் மூன்று மாடி முதன்மைக் கட்டடம் 1899இல் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் ஸ்வான் அண்ட் மெக்லாரன் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர்.ஏ.ஜே. பிட்வெல். வளைவுகளும் தூண்களும் ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலப் பாணியைச் சேர்ந்தவை. ஆனால் உயரமான கூரையையும் நீண்ட தாழ்வாரங்களையும் கவனியுங்கள். அவை அலங்காரத்துக்காக வந்தவை அல்ல. ஏர்கோன் இல்லாத காலத்தில் சூடான காற்று மேலே போகவேண்டும், வெயிலும் மழைச்சாரலும் அறைக்குள் வரக்கூடாது. முகம் ஐரோப்பா, உடம்பு நம்ம ஊர்!

அதே ஆண்டில் மின்விளக்கும் மின்விசிறியும் இங்கே வந்துவிட்டன. அதற்கு முன் காலனித்துவக் கட்டடங்களில் காற்று வேண்டுமென்றால், கூரையில் தொங்கும் பங்காவை ஒரு தொழிலாளி கயிற்றால் இழுத்துக்கொண்டே இருக்கவேண்டும். விசிறி வந்ததும் அந்த ஆளின் வேலை மறைந்தது. அவர் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை.

மூன்றாவது கேள்வி: இவ்வளவு ஆடம்பரத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது? இங்கேதான் நம் கதையும் சேர்கிறது. அன்றைய சிங்கப்பூரின் செழிப்புக்கு மலாயாவின் ரப்பரும் ஈயமும் பெரிய காரணங்கள். தோட்டத் துரைமார்கள் விடுமுறைக்கு வந்து தங்கிய இடங்களில் இதுவும் ஒன்று. அந்தத் தோட்டங்களில் விடியற்காலையில் பால்மரம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை சரிந்தபோது என்ன நடந்தது? வேலையிழந்த தமிழ்த் தொழிலாளர்கள் பெருந்திரளாக இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1931இல் சார்க்கீஸ் சகோதரர்களின் நிறுவனமும் நொடித்துப்போனது. லயத்து வீட்டையும் ஆடம்பர ஹோட்டலையும் அடித்தது ஒரே அலைதான். ஆனால் ஹோட்டல் 1933இல் புது நிறுவனமாக எழுந்தது. கப்பலேறிய குடும்பங்களுக்கு அப்படி ஒரு மறுபிறவி கிடைத்ததா? கட்டுரையில் காரணம், விளைவு என்று எழுதும்போது, விளைவு எல்லாருக்கும் ஒரே மாதிரி இருந்ததா என்றும் கேட்டுப் பாருங்கள்.

நான்காவது கேள்வி: நாம் பார்ப்பது எந்தக் காலத்து ஹோட்டல்? இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஜப்பானிய ஆட்சியில் இதன் பெயர் ஷோனான் ரியோக்கான். போர் முடிந்ததும் விடுவிக்கப்பட்ட கைதிகள் இங்கே தற்காலிகமாகத் தங்கவைக்கப்பட்டார்கள். 1987இல் இது தேசிய நினைவுச்சின்னமானது. 1989இல் மூடப்பட்டு, பெரிய புதுப்பிப்புக்குப் பிறகு 1991இல் திறந்தது. அப்போது 1915ஆம் ஆண்டுத் தோற்றத்தையே அளவுகோலாக வைத்தார்கள். அதனால் 1920களின் தொடக்கத்தில் முன்புறம் கட்டப்பட்ட நடனக்கூடம் இடிக்கப்பட்டது. பழைய வார்ப்பிரும்பு முகப்பு மீண்டும் வந்தது. கூடவே புதிய கடைத்தொகுதியும் எழுந்தது. 2017 முதல் 2019 வரை இன்னொரு புதுப்பிப்பும் நடந்தது.

ஆக, பாதுகாப்பது என்பதும் ஒரு தேர்வுதான். எந்த ஆண்டை வைத்துக்கொள்வது, எதை எடுத்துவிடுவது என்று யாரோ முடிவு செய்கிறார்கள். 1915ஐத் தேர்ந்தெடுத்தால் ஹோட்டலின் பொற்காலம் தெரியும். 1931உம் 1942உம் சுவரில் தெரியாது. இது சரியா தவறா என்று நான் சொல்லப் போவதில்லை. அது நீங்கள் வாதிடவேண்டிய இடம்.

தேர்வில் "பழைமையான கட்டடங்களைப் பாதுகாப்பது அவசியமா?" என்ற தலைப்பு வந்தால், "நம் பாரம்பரியம், நம் பெருமை" என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். ஒரு கட்டடத்தை எடுங்கள், ஓர் ஆண்டைச் சொல்லுங்கள், என்ன மாறியது என்று காட்டுங்கள், யார் விடுபட்டார் என்று கேளுங்கள். ஆசிரியர்களே, இந்த நான்கு கேள்விகளையும் உங்கள் பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் எந்தக் கட்டடத்தின் மீதும் வைத்துப் பார்க்கலாம். கோயிலாக இருக்கட்டும், பழைய கடைவீடாக இருக்கட்டும், பிள்ளைகள் சொல்லும் பதில் நிச்சயம் மனப்பாடமாக இருக்காது.