ஓசூர் எல்லையும் மதுவும்: கடை தள்ளிப்போனால் சாலை நீளும்

தமிழ்நாட்டில் மதுவிலக்கு முதலில் எந்த ஊரில் வந்தது என்று கேட்டால் பலரும் சென்னை என்றுதான் சொல்வார்கள். ஆனால் அது தொடங்கியது சேலம் மாவட்டத்தில், 1937 அக்டோபர் 1 அன்று. இன்றைய ஓசூர், கிருஷ்ணகிரி எல்லாம் அன்றைக்கு சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி கிராமமும் ஓசூருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

ஆக, மதுவிலக்கின் பிறந்த வீடு நம்ம பகுதி. அதே பகுதியில் இன்று விடுமுறை இரவு என்றாலே குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவர்களை நினைத்து பயப்பட வேண்டியிருக்கிறது. இது எப்படி நடந்தது என்று கொஞ்சம் வரலாற்றைப் பார்ப்போம்.

1937-ல் சேலம் மாவட்டத்தில் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. ஆனால் சில மைல் தள்ளி இருந்த ஆனேக்கல், அத்திப்பள்ளி எல்லாம் மைசூர் சமஸ்தானம். சென்னை மாகாணச் சட்டம் அங்கே செல்லாது. ஒரே சாலை, இரண்டு சட்டம். அன்று மோட்டார் வண்டி வைத்திருந்தவர்கள் மிகக் குறைவு என்பதால் அந்தச் சாலை பெரிய ஆபத்தாகத் தெரியவில்லை.

போர்க்காலத்தில் நிறுத்தி வைக்கப்பட்ட மதுவிலக்கு, 1948-ல் மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971-ல் கலைஞர் ஆட்சியில் தளர்த்தப்பட்டு, 1974-ல் மீண்டும் கொண்டுவரப்பட்டு, 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடி தளர்த்தப்பட்டது. 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் உருவானது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. 1974 முதல் 1981 வரை தமிழ்நாட்டில் கடை இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தில் இருந்தது.

இதே காலத்தில்தான் ஓசூர் மாறத் தொடங்கியது. எழுபதுகளில் சிப்காட் வந்தது. 1980-ல் அசோக் லேலண்ட் லாரித் தொழிற்சாலை வந்தது. அதே 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் ஓசூரிலிருந்து வெளிவந்தது. வெளியூர்களிலிருந்து இளைஞர்கள் வேலைக்கு வந்தார்கள். சம்பளம் வந்தது, வண்டியும் வந்தது. 1937-ல் நடந்து போக யோசித்த தூரம் இப்போது பைக்கில் கால் மணி நேரம்.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. நம் சட்டங்கள் பெரும்பாலும் கடையைப் பார்த்தே போடப்பட்டவை. கடையை மூடு, கடையைத் தள்ளி வை, நேரத்தைக் குறை. கடை தள்ளிப் போனால் குடிப்பவர்களில் ஒரு பகுதியினர் விட்டுவிடுவார்கள், அது உண்மை. மீதிப் பேர் வண்டி எடுத்துக்கொண்டு போவார்கள். போகும்போது தெளிவாகப் போகிறவர் திரும்பும்போது போதையில் திரும்புகிறார்.

பொங்கல் விடுமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். திருவள்ளுவர் தினத்தன்று தமிழ்நாட்டில் டாஸ்மாக் விடுமுறை. கர்நாடகத்தில் அது சாதாரண நாள். ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி பத்து கிலோமீட்டர் கூட இல்லை. ஜூஜுவாடி செக்போஸ்ட்டில் பாட்டில் கொண்டுவந்தால் பிடிபடலாம். வயிற்றில் கொண்டுவந்தால்? புத்தாண்டு இரவில் பெங்களூர் எம்.ஜி.ரோடு வரை போய்வருபவர்களுக்கு அந்தத் தூரம் சுமார் நாற்பது கிலோமீட்டர்.

உச்ச நீதிமன்றமும் இந்தச் சிக்கலைச் சந்தித்தது. தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு ஒன்றில், 2016 டிசம்பர் 15 அன்று, நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று தீர்ப்பளித்தது. 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான கடைகள் மூடப்பட்டன. சின்ன ஊர்களுக்கு அந்தத் தூரம் 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. 2017 ஜூலையில் நகராட்சி எல்லைக்குள் இருக்கும் கடைகளுக்கு இந்தத் தடை பொருந்தாது என்று நீதிமன்றம் விளக்கம் கொடுத்தது. போகிற வழியில் கடையைப் பார்த்து வண்டியை நிறுத்தும் லாரி டிரைவருக்கு இந்தத் தீர்ப்பு ஒரு தடைதான். ஆனால் குடிப்பது என்று முடிவு செய்து கிளம்பியவருக்கு 500 மீட்டர் ஒரு தூரமே இல்லை.

ஓட்டுபவரைப் பார்க்கும் சட்டம் மெதுவாகத்தான் வளர்ந்தது. நார்வே 1936-லேயே ரத்தத்தில் இவ்வளவுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம் என்று அளவு வைத்துவிட்டது. மூச்சை ஊதிப் பார்க்கும் கருவியை அமெரிக்காவில் போர்கன்ஸ்டைன் 1954-ல் உருவாக்கினார். நம் நாட்டின் 1939 மோட்டார் வாகனச் சட்டம், வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்குப் போதை இருந்தால் குற்றம் என்றது. அதை எப்படி அளப்பது? 1988 சட்டமும் 1994 திருத்தமும் வந்த பிறகுதான் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்ற தெளிவான அளவு கிடைத்தது. 2019 திருத்தத்தில் முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று ஆனது. குடித்தவரை ஓட்டத் தூண்டுபவர்களையும் தண்டிக்க இதே சட்டத்தில் 188-வது பிரிவு இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

ஒரு சின்ன கணக்கு. உடம்பு ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 15 மில்லிகிராம் அளவைத்தான் குறைக்கும். இரவு பதினொரு மணிக்கு 150 இருந்தால், 30-க்கு இறங்க எட்டு மணி நேரம் ஆகும். அதாவது மறுநாள் காலை ஏழு மணி. ஆறு மணி ஷிப்டுக்கு பைக்கில் போகிறவர் அப்போதும் சட்டப்படி போதையில்தான் இருக்கிறார். காபி, மோர், குளியல் எதுவும் அந்த நேரத்தைக் குறைக்காது.

அப்படியென்றால் என்ன செய்யலாம்? விடுமுறை இரவுகளில் எல்லைச் சோதனையில் பாட்டிலோடு மூச்சையும் பார்க்க வேண்டும். ஷிப்டுக்கு பஸ் விடும் கம்பெனிகள் புத்தாண்டு, பொங்கல் இரவுகளிலும் ஒரு பஸ் விடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கூடப் போகும் நண்பர் சாவியை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

1937-லிருந்து நாம் கடைக்குப் பூட்டு போட்டும் திறந்தும் பார்த்துவிட்டோம். எதிரே அம்மா அப்பாவோடு பைக்கில் உட்கார்ந்து வரும் குழந்தைக்கு, கடை எத்தனை மீட்டரில் இருக்கிறது என்பது முக்கியமில்லை. எதிரே வருகிறவர் தெளிவாக இருக்கிறாரா என்பதுதான் முக்கியம்.