சாப்பாட்டு மேசையில் ஒரு கம்பனி

வீட்டிலிருந்து தொழில் புரிவதைப் பலரும் 2020 ஆம் ஆண்டின் கொரோனாத் தொற்றோடு வந்த வழக்கமாகவே கருதுகின்றனர். இங்கிலாந்தில் ஸ்டெபனி ஷேர்லி 1962 இலேயே அதனை ஒரு கம்பனியாக நடத்தத் தொடங்கிவிட்டார்.

1939 இல், ஐந்து வயதில், ஹிட்லரின் ஆட்சியிலிருந்து தப்பிப் பெற்றோரின்றி ரயிலேறி வந்தவர் அவர். அகதிப் பிள்ளையின் நிலை எத்தகையது என்பதை எம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

முதலீடு ஆறு பவுண்; அலுவலகம் சாப்பாட்டு மேசை. பிள்ளைப்பேற்றுக்குப் பின் வேலையைக் கைவிட நேர்ந்த கணினி நிரலாளர்களான பெண்களை அவர் தேடிச் சேர்த்தார். அவர்கள் வீட்டிலிருந்தே தாளில் பென்சிலால் நிரல் எழுதித் தபாலில் அனுப்பினர். கொங்கோர்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரலும் இத்தகைய வீடுகளில் உருவானதே.

ஸ்டெபனி என ஒப்பமிட்ட கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. கணவரின் யோசனைப்படி 'ஸ்டீவ்' என ஒப்பமிட்டதும் வாடிக்கையாளர் பேச முன்வந்தனர். 1963 இல் மகன் கைல்ஸ் பிறந்தான். தொலைபேசி மணி அடித்தால், குழந்தையின் சத்தத்தை மறைக்கத் தட்டச்சு ஒலி பதிந்த நாடாவைச் சுழலவிடுவாராம். சாமர்த்தியந்தான், ஆயினும் தாய் என்பது வெளித்தெரிந்தால் தொழில் கெட்டுவிடும் என்ற அச்சமே எனக்கு அதில் கேட்கிறது.

முதல் 300 ஊழியரில் மூவரே ஆண்கள். பெண்களைக் காக்க வந்த 1975 ஆம் ஆண்டின் பால்பாகுபாட்டுத் தடைச் சட்டமோ, ஆண்களையும் சேர்க்குமாறு அவரை நிர்ப்பந்தித்தது!

கைல்ஸ் கடும் ஓட்டிசத்துக்கு ஆளாகிப் பேச்சை இழந்து, 1998 இல் 35 வயதில் மறைந்தார். ஷேர்லி 2025 ஓகஸ்டில் காலமானார். அவருக்கு வேறு பிள்ளைகள் இல்லை.