பன்றி ரூபாய்: 1911-ஆம் ஆண்டு நாணயத்தின் குடும்ப வரலாறு

 

நமதூர்க் கடற்கரை மணலில் டேனிஷ் காலத்துச் செப்புக் காசுகள் அகப்படுவதை நாம் அறிவோம். தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் 1620-இல் அனுமதி பெற்று இங்கே கோட்டை கட்டிய டேனிஷ்காரர்கள், நம் ‘காசு’ என்ற சொல்லையே தங்கள் நாணயத்திற்கும் பெயராக வைத்துக்கொண்டனர். அவற்றில் பெரும்பாலானவற்றில் அரசரின் உருவம் கிடையாது. பெயரெழுத்துகளைக் கோத்து மேலே ஒரு கிரீடம், அவ்வளவே. ஆங்கிலேயர் வழக்கம் வேறு. 1835-க்குப் பிறகு அவர்களது ரூபாயில் அரசர் முகம் ஏறியது. அந்த வரிசையில் வந்த ஒரு நாணயம்தான் நம் சமுதாயத்தின் பெயரோடு இணைத்துப் பேசப்படுகின்ற ‘பன்றி ரூபாய்’.

1910 மே மாதம் ஏழாம் எட்வர்டு காலமாக, அவருடைய மகன் ஐந்தாம் ஜார்ஜ் அரியணை ஏறினார். புதிய அரசரின் முகத்தை நாணயங்களுக்காக வடித்தவர் பெர்ட்ரம் மெக்கன்னல் என்ற சிற்பி. இவர் இங்கிலாந்தில் பிறந்தவரல்லர். ஸ்காட்லாந்திலிருந்து ஆஸ்திரேலியாவில் குடியேறிய ஜான் சிம்ப்சன் மெக்கன்னல் என்ற சிற்பியின் மகனாக 1863-இல் மெல்போர்னில் பிறந்தார். தந்தையிடமே முதலில் தொழில் கற்று, பின்னர் இலண்டனிலும் பாரிசிலும் பயின்றார். 1908-ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் பதக்கங்களும் இவர் கைவண்ணமே. பின்னாளில் ‘சர்’ பட்டமும் பெற்றார். ஆகவே அந்த நாணயம் ஏதோ கற்றுக்குட்டியின் வேலை என்று தள்ளிவிட இயலாது.

அரசர் குடும்பத்தைப் பற்றியும் நமதூரார் அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஐந்தாம் ஜார்ஜின் தாயார் அலெக்சாண்டிரா, டேனிஷ் இளவரசி. அவர் கோபன்ஹேகனில் பிறந்தது 1844-இல். அதற்கு அடுத்த ஆண்டு, 1845-இல்தான் தரங்கம்பாடி ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. டென்மார்க் அரச மரபின் மிக உயர்ந்த விருதுக்குப் பெயரே ‘யானை விருது’. எனவே ரூபாயில் இருந்த யானையும் தாய்வழி வந்த டேனிஷ் யானையோ என்று எண்ணத் தோன்றும். அப்படியன்று. அரசர் தோளில் அணிந்திருந்தது ‘இந்தியப் பேரரசு விருது’ எனப்படும், விக்டோரியா காலத்தில் ஏற்படுத்தப்பட்ட விருதின் ஆரம். யானை, மயில், ரோஜா ஆகிய உருவங்களைக் கோத்த ஆரம் அது. நம் நாட்டைக் குறிப்பதற்காகவே அந்த யானை அங்கே இடம்பெற்றது.

ரூபாயின் அளவோ சிறியது. அதில் யானை ஒரு அரிசியளவு. துதிக்கை குட்டையாகவும் காது சிறியதாகவும் அமைந்துவிட்டதால், பார்த்தவர்களுக்கு அது பன்றியாகவே பட்டது. மறுபுறத்திலோ ‘ஏக் ருபியா’ என்ற பாரசீக எழுத்து! முஸ்லிம்கள் படிப்பதற்கென ஒரு பக்கத்தில் எழுத்தைப் பொறித்து, மறுபக்கத்தில் ஹராமான பிராணியை அரசரின் தோளில் வைத்தால் மனம் கொதிக்காதா? அப்பொழுதைய முறையீட்டை நாணயம் சேகரிப்போர் இன்று நகைச்சுவையாகச் சொல்வதுண்டு. அது முறையன்று. பன்றிக் கொழுப்பும் பசுக் கொழுப்பும் தடவிய தோட்டாக்கள் என்ற பேச்சால் 1857-இல் என்ன நேர்ந்தது என்பதை அரசாங்கம் மறந்திருக்கவில்லை. கையில் வாங்கவே மக்கள் கூசும் பணம், பணமாகச் செல்லாது.

கல்கத்தா, பம்பாய் ஆகிய இரு நாணயச் சாலைகளிலும் ஏறத்தாழ 94 இலட்சம் ரூபாய்கள் அச்சாகியிருந்தன. ஏறத்தாழ 7 இலட்சம் மட்டுமே வெளியே சென்றன, எஞ்சியவை உருக்கப்பட்டன. 1912-இல் யானையைத் திருத்தி, துதிக்கை தெளிவாகத் தெரியும்படி புதிய அச்சு தயாரிக்கப்பட்டது. வேண்டுமென்றே இழைத்த அவமதிப்பு என்று சொல்ல இடமில்லை. உருவத்தை வடித்தவர்களுக்கு அதைக் கையில் வாங்கப்போகும் மக்களைத் தெரியாமல் போனதே குறை.

கைவிடப்பட்ட நாணய வடிவம் இஸ்லாமிய வரலாற்றிலும் உண்டு. தொடக்கத்தில் முஸ்லிம்கள் பைசாந்திய, பாரசீக நாணயங்களையே புழங்கினர். உமையா கலீஃபா அப்துல் மலிக் காலத்தில், ஹிஜ்ரி 74 முதல் 77 வரை, வாளேந்தி நிற்கும் கலீஃபாவின் உருவம் பொறித்த தீனார்கள் டமாஸ்கஸில் வெளிவந்தன. அவை நிலைக்கவில்லை. ஹிஜ்ரி 77-இல் (கி.பி. 696-97) அவரே உருவத்தை நீக்கிவிட்டு, கலிமாவும் திருமறை வசனமும் கொண்ட, எழுத்து மட்டுமே உள்ள தீனாரை வெளியிட்டார். எழுத்தே அழகு என்ற அந்த வழக்கம் பல நூற்றாண்டுகள் நீடித்தது. டெல்லி சுல்தான்கள், முகலாயர்கள் ஆகியோரின் நாணயங்களில் பெரும்பாலானவையும் அவ்வழியே வந்தவை.

பழைய வெள்ளி ரூபாய்களைப் பெட்டியில் வைத்திருக்கும் குடும்பத்தார் ஆண்டைப் பார்க்கவும். 1911 என்று இருந்தால், அரசர் மார்பின் கீழ்ப்புறம் உள்ள ஆரத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினால் அந்தப் பிராணி தெரியும். 1912-ஆம் ஆண்டு ரூபாய் ஒன்றும் கைவசம் இருந்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். கால் அணா வெண்கலக் காசிலும் இதே வேறுபாடு உண்டு. ஒன்று மட்டும்: பளபளப்பாக்குவதற்காகப் புளி போட்டுத் தேய்த்துவிட வேண்டாம், யானையின் துதிக்கை மேலும் தேய்ந்துபோகும்.