அடுப்படிக்கு அளவெடுத்தவர்கள்

புதுசா வீடு கட்டுறவங்க, ஃப்ளாட் வாங்கினவங்க யாரோட பேசினாலும் பேச்சு ஒரு இடத்துல வந்து முட்டிக்கும். "மாடுலர் கிச்சனை ஷோரூம்ல குடுக்கலாமா, நம்ம ஆசாரிகிட்டயே விட்டுடலாமா?" ரங்கமணிக்கு ஷோரூம்காரர் கம்ப்யூட்டர்ல சுத்திச் சுத்திக் காட்டுற முப்பரிமாணப் படம் பிடிச்சிருக்கும். தங்கமணிக்கு அம்மா வீட்டுல இருபது வருஷமா அசையாம நிக்கிற ஆசாரி வேலை ஞாபகம் வரும். மாமனார் நடுவுல புகுந்து, "ரெண்டு கடப்பாக் கல்லைப் பதிச்சா முடிஞ்சது, இதுக்குப் போய் லட்சக்கணக்குலயா?"ம்பார். :-)

இந்தச் சண்டைக்கு நூத்தம்பது வருஷ வரலாறு இருக்கு. அதைத் தெரிஞ்சுக்கிட்டா, நாம கேக்க வேண்டிய கேள்வியே வேறன்னு புரியும்.

முதல்ல அமெரிக்கா. 1869இல் கேத்தரின் பீச்சர், தன் தங்கை ஹேரியட் பீச்சர் ஸ்டோவுடன் சேர்ந்து ('அங்கிள் டாம்ஸ் கேபின்' எழுதினாரே, அவரேதான்) வீட்டு நிர்வாகம் பத்தி ஒரு புத்தகம் போட்டார். அதுல ஒரு சமையலறைப் படம். கப்பல் சமையல்காரருக்கு எல்லாச் சாமானும் ஓரிரு எட்டுல கைக்குக் கிடைக்குது, வீட்டுல மட்டும் ஏன் பெண்கள் அந்த மூலைக்கும் இந்த மூலைக்கும் நடந்தே தேயணும்னு கேட்டார். தனித்தனி மேசை, அலமாரிக்குப் பதிலா ஒட்டினாப்போல ஒரே மேடை, மேல கீழ சாமான் வைக்க இடம். இன்னிக்கு நாம மாடுலர் கிச்சன்னு சொல்றதோட கரு இதுதான்.

அடுத்தவர் கிறிஸ்டின் ஃப்ரெடரிக். தொழிற்சாலைகளில் ஃப்ரெடரிக் டெய்லர் கையில் கடிகாரத்தோட தொழிலாளியின் ஒவ்வொரு அசைவையும் அளந்துகொண்டிருந்த காலம் அது. அதே முறையைச் சமையலறைக்குக் கொண்டுவந்தவர் இந்த அம்மணி. 1912இல் ஒரு பெண்கள் பத்திரிகையில் தொடரா எழுதி, அடுத்த வருஷம் புத்தகமாவும் போட்டார். சமைக்கிறவங்க நடக்கிற பாதையைக் கோடு கோடா வரைஞ்சு, சாமானை இடம் மாத்தினா எத்தனை நடை மிச்சமாகும்னு காட்டினார். அவர் வலியுறுத்தின இன்னொரு விஷயத்தை மறந்துடாதீங்க: மேடையின் உயரம், அதுல வேலை செய்றவங்க உயரத்தைப் பொறுத்து மாறணும்.

இவருடைய எழுத்து ஜெர்மனிக்கும் போச்சு. முதல் உலகப்போர் முடிஞ்சு, அங்கே வீட்டுப் பஞ்சம் தலைவிரிச்சு ஆடின நேரம். ஃபிராங்க்ஃபர்ட் நகராட்சி, எர்ன்ஸ்ட் மே தலைமையில் ஆயிரக்கணக்கான குடியிருப்புகளைக் கட்ட ஆரம்பிச்சது. அதுக்கான சமையலறையை 1926இல் வடிவமைச்சவர் மார்கரேட்டே லிஹோட்ஸ்கி. கல்யாணத்துக்குப் பிறகு ஷூட்டே-லிஹோட்ஸ்கி. ஆஸ்திரியாவின் முதல் பெண் கட்டடக் கலைஞர்களில் ஒருவர். பின்னாளில் நாஜிகளை எதிர்த்து 1941இல் கைதாகி, சிறையிலிருந்து மீண்டு, 2000இல் 103ஆம் பிறந்தநாளுக்கு ஐந்து நாள் முன்னால் காலமானார். அவர் வாழ்க்கையைத் தனியாவே எழுதலாம்.

அவர் போட்ட சமையலறை சுமார் 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். ரயில் உணவுப்பெட்டியின் குட்டிச் சமையலறைதான் முன்மாதிரி. உட்கார்ந்து நறுக்க ஜன்னலோரம் மேசையும் சுழல் ஸ்டூலும். மாவு வைக்க ஓக் மர இழுப்பறை, ஏன்னா புழு அண்டாது. பருப்பு, அரிசி, சர்க்கரைக்குப் பேர் எழுதின அலுமினியப் பெட்டிகள். இப்படிச் சுமார் 10,000 சமையலறைகள் தொழிற்சாலையில் செய்யப்பட்டு வீடுகளில் பொருத்தப்பட்டன.

இங்கதான் கதை திரும்புது. இந்தச் சமையலறையை விலைக்கு வாங்கினது நகராட்சி. அதைத் தேர்ந்தெடுத்தது சமைக்கப் போற பெண் இல்லை. லிஹோட்ஸ்கியே, இதை வடிவமைக்கும் முன் தான் வீட்டுச் சமையல் எதுவும் பார்த்ததில்லைன்னு பின்னாளில் வெளிப்படையா சொன்னவர். குடிவந்தவங்க என்ன சொன்னாங்க? ரெண்டு பேர் நின்னா இடிக்குது. பேர் எழுதின பெட்டி எங்க வீட்டுச் சாமானுக்கு ஒத்துவரல. பெட்டி குழந்தைங்க கைக்கு எட்டுது. அளவெடுத்ததென்னவோ ரொம்பத் துல்லியம்தான். ஆனா அளவெடுக்கப்பட்டவர் 'சராசரிப் பெண்' என்கிற ஒரு கற்பனை ஆள்.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு இந்த வேலை நகராட்சி கையிலிருந்து கடைக்காரங்க கைக்கு வந்தது. 1950இல் ஜெர்மனியின் போகன்போல் நிறுவனம் 'ஃபார்ம் 1000' என்று, பெட்டி பெட்டியாச் சேர்த்துக்கிட்டே போகக்கூடிய சமையலறையைக் கொண்டுவந்தது. அந்தக் கம்பெனியின் ஆதி என்ன தெரியுமா? 1892இல் ஃப்ரீடெமீர் போகன்போல் என்கிற தச்சர் ஆரம்பிச்ச பட்டறை. அதாவது ஷோரூமோட கொள்ளுத்தாத்தாவும் ஒரு ஆசாரிதான்!

சுவீடனில் இதுக்குன்னே 1944இல் ஒரு ஆராய்ச்சி நிலையம் தொடங்கி, இல்லத்தரசிகள் வேலை செய்றதை அளந்து தள்ளினாங்க. (இதைக் கிண்டலடிச்சு 2003இல் 'கிச்சன் ஸ்டோரீஸ்'னு ஒரு நார்வே படம் வந்தது. தனியா வாழுற பெரியவர் வீட்டுச் சமையலறையில், உயரமான நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு சுவீடன்காரர் குறிப்பெடுப்பார். கிடைச்சாப் பாருங்க.) இப்படியே ஒவ்வொரு நாட்டிலும் அளவுகள் உறைஞ்சுபோச்சு. அமெரிக்காவில் மேடை உயரம் 36 இன்ச். ஆளுக்கு ஆள் மாறணும்னு ஃப்ரெடரிக் சொன்னது காத்தோட போச்சு. தொழிற்சாலைக்கு ஒரே அளவுதானே லாபம்?

சரி, நம்மூருக்கு வருவோம். இங்கே சமையல் தரையில் இருந்தது. அடுப்பு, அம்மி, அரிவாள்மனை எல்லாமே உட்கார்ந்து செய்ற வேலை. நம்மை எழுப்பி நிக்க வெச்சதில் பெரிய பங்கு காஸ் அடுப்புக்கு. 1955இல் பர்மா ஷெல் பம்பாயில் சமையல் காஸ் கொண்டுவந்தது, 1965இல் கல்கத்தாவில் இண்டேன் வந்தது. கொஞ்சம் கொஞ்சமா ஊரெல்லாம் பரவிச்சு. சிலிண்டர் கீழே, அடுப்பு மேலே. ஆக, மேடை வேணும். கொத்தனார் மேடை கட்டினார், கடப்பாக் கல்லில் தட்டு பதிச்சார், ஆசாரி கதவு போட்டார். மேல பரண். யோசிச்சுப் பாத்தா இதுவும் 'பொருத்தப்பட்ட சமையலறை'தான். ஒரே வித்தியாசம், கொத்தனார் வீட்டம்மாவைக் கூப்பிட்டு, "அம்மா, இங்க நில்லுங்க, இந்த உயரம் போதுமா?"ன்னு கேட்டுக் கரியால் சுவத்துல கோடு போட முடிஞ்சது. விரற்கடை, சாண், முழம்னு நம்ம பழைய அளவெல்லாம் உடம்பிலிருந்து வந்ததுதானே.

1991க்குப் பிறகு காட்சி மாறிச்சு. வெளிநாட்டுக் கீல், சத்தமில்லாம மூடுற டிராயர், மெஷினில் வெட்டி ஓரம் ஒட்டின பலகை. 1993இல் மும்பையில் தொடங்கின ஸ்லீக் நிறுவனத்தின் பெரும்பங்கை 2013இல் ஏஷியன் பெயின்ட்ஸ் வாங்கிச்சு. சுவத்துக்குப் பெயின்ட் வித்தவங்க சமையலறையும் விக்க வந்துட்டாங்க. 2014இல் லிவ்ஸ்பேஸ், ஹோம்லேன். 2018இல் ஹைதராபாதில் ஐகியா. வாங்குறவரே வீட்டுல பூட்டிக்கணும்கிறதுதான் ஐகியா தத்துவம். இங்க அது எடுபடாதுன்னு தெரிஞ்சு, பூட்டித் தர ஆள் அனுப்ப அர்பன்கிளாப்போட (இப்போ அர்பன் கம்பெனி) கை கோத்தாங்க. எந்தக் கடையில் வாங்கினாலும் கடைசியில் டிரில்லிங் மெஷினோட வீட்டு வாசல்ல நிக்கிறவர் ஒரு உள்ளூர்த் தொழிலாளிதான். அவரை நீங்க தேர்ந்தெடுத்தீங்களா, கடை தேர்ந்தெடுத்துச்சாங்கிறதுதான் வித்தியாசம்.

இப்ப ரெண்டு பக்கத்தையும் நேர்மையா எடை போடுவோம்.

தொழிற்சாலைக்கு ஜே போட வேண்டியது ஓரம் ஒட்டுறதுக்கும், துளை போடுற துல்லியத்துக்கும். மெஷின் சூடா ஒட்டுற ஓரத்தைக் கைவேலையில் கொண்டுவர்றது கஷ்டம். பில் இருக்கும், வாரன்டி இருக்கும். சொன்ன தேதிக்கு வர வாய்ப்பும் கொஞ்சம் அதிகம். ஆனா உள்ளே இருக்கிற பலகை மரத்தூள் பலகையான்னு கேட்டே ஆகணும். நம்ம சிங்க் அடியில் எப்பவும் ஈரம், தரையைத் தண்ணி ஊத்திக் கழுவுற பழக்கம் வேற. மரத்தூள் பலகை தண்ணி குடிச்சா ஊதும், ஊதினது திரும்பாது. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைக்காரங்களுக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை.

ஆசாரிகிட்ட பலகை உங்க கையில். ஐ.எஸ். 710 முத்திரை போட்ட மரைன் ப்ளைவுட்டை நீங்களே பார்த்து வாங்கித் தரலாம். சுவர் நேரா இல்லைன்னா (எந்த சுவர் நேரா இருக்கு?) நூல் கணக்கில் இழைச்சுப் பொருத்துவார். பத்து வருஷம் கழிச்சுக் கீல் தொங்கினா போன் பண்ணலாம். ஆனா அட்வான்ஸ் வாங்கிட்டு வேற சைட்டுக்குப் போயிடுற ஆசாரிகளும் உண்டு. தூசியும் சத்தமும் வாரக்கணக்கில். எழுத்தில் எதுவும் இருக்காது.

அதனால என் கட்சி இது. கடையா ஆசாரியாங்கிறது ரெண்டாவது கேள்வி. முதல் கேள்வி, அளவெடுக்க வர்றவர் யாரை அளக்கிறார்? சுவத்தை மட்டும் அளந்துட்டுப் போறவர் ஷோரூம்காரரா இருந்தாலும், ஆசாரியா இருந்தாலும் வேண்டாம். ஐந்தடி உயரம் உள்ளவங்க 36 இன்ச் மேடையில், அதுக்கு மேல ஒரு அடுப்பு, அதுக்கு மேல இட்லிக் குண்டான்னு வெச்சா, தோளைத் தூக்கிக்கிட்டேதான் சமைக்கணும். ஒருநாள் இல்லை, முப்பது வருஷம். சமைக்கிறவங்களை நிக்க வெச்சு, முழங்கையை மடக்கச் சொல்லி, அதுக்கு நாலஞ்சு இன்ச் கீழே கோடு போடுங்க. அடுப்பு வர்ற இடத்தை இன்னும் இறக்குங்க. கிரைண்டரை எங்கே வெப்பாங்கன்னு கேளுங்க. அந்தக் கோட்டைக் கையில் வெச்சுக்கிட்டு அப்புறம் ரெண்டு பேர்கிட்டயும் விலை கேளுங்க. "எங்க அளவு இதுதான், மாத்த முடியாது"ன்னு யார் சொல்றாங்களோ அவங்களுக்கு ஒரு கும்பிடு.

வீட்டுல ஆம்பளைதான் சமையல்னா, அளக்க வேண்டியது அவரை. :-)

உங்க வீட்டு மேடை எத்தனை இன்ச், அதை யார் முடிவு பண்ணாங்க? இன்னிக்கே டேப்பை எடுத்து அளந்துட்டுப் பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி: ஆசாரி சங்கமோ ஷோரூம் முதலாளிகளோ இந்தப் பதிவுக்குப் பைசா குடுக்கல. குடுத்தா வேண்டாம்னு சொல்ற ஆளும் நான் இல்லை.