ராட்சத இயந்திரங்களும் இரண்டு பகடைகளும்

மாடி வீட்டின் உயரம். 20 டன் முதல் 100 டன் வரை எடை. இரண்டு கால்களில் நடை. கைகளிலும் மார்பிலும் லேசர், பீரங்கி, ஏவுகணை. உள்ளே அமர்ந்து ஓட்டுபவரோ ஒரே ஒரு மனிதர். இத்தகைய ராட்சத இயந்திரங்கள் மோதிக்கொள்ளும் ‘மெக்வாரியர்’ என்னும் கணிப்பொறி விளையாட்டு வரிசையைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். சிலர் ஆடியும் இருக்கலாம். முதல் மெக்வாரியர் 1989இல் வெளிவந்தது. 2024இலும் புதிய பதிப்பொன்று வந்தது. இந்த 35 ஆண்டுகளில் படங்கள் எவ்வளவு மெருகேறியுள்ளன என்பதை எவரும் பார்த்தவுடன் கூறிவிடுவர். ஆனால் ஆட்டமுறை ஏன் பதிப்புக்குப் பதிப்பு மாறிக்கொண்டே வந்தது என்பது அவ்வளவு எளிதில் புலப்படுவதில்லை. அதற்கான விடையின் பெரும்பகுதி கணிப்பொறிக்கு வெளியே, ஒரு ஜோடிப் பகடையில் இருக்கிறது என்றால் உங்களுக்கு வியப்பாக இருக்கும்.

மேசைமேல் நடந்த போர்

அமெரிக்காவின் சிகாகோ நகரில் இயங்கிய ‘ஃபாசா’ என்னும் நிறுவனம் 1984இல் ஒரு மேசை விளையாட்டை வெளியிட்டது. மறு ஆண்டில் அது ‘பேட்டில்டெக்’ எனப் பெயர் மாற்றம் பெற்றது. அறுகோணக் கட்டங்கள் வரைந்த ஒரு தாள்; இயந்திரங்களைக் குறிக்கும் சிறு பொம்மைகள்; ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஒரு கணக்குத் தாள்; இரண்டு பகடைகள். இவ்வளவுதான் கருவிகள். ஒரு கட்டம் 30 மீட்டரைக் குறிக்கும். ஒரு சுற்று 10 நொடிகளைக் குறிக்கும்.

இதன் விதிகளில் இயற்பியல் மாணவர்களைக் கவரும் பகுதி, வெப்பக் கணக்கு. ஆயுதத்தைச் சுட்டால் வெப்பம் பிறக்கும். நடுத்தர லேசர் ஒருமுறை சுட்டால் 3 அலகு. துகள் பீரங்கி சுட்டால் 10 அலகு. இயந்திரத்தில் பொருத்தியுள்ள வெப்ப வெளியேற்றி ஒவ்வொன்றும் ஒரு சுற்றில் ஓர் அலகை வெளியேற்றும். வரவு செலவை மிஞ்சினால் மீதி வெப்பம் உள்ளே தேங்கும். தேங்கிய வெப்பம் 5 அலகானால் நடை தளரும். பிறகு குறி தவறும். 14ஐ எட்டினால் இயந்திரம் தானே நின்றுவிடும் அபாயம் தொடங்கும். 30ஐ எட்டினால் நின்றே தீரும். எதிரியைச் சுடும் ஒவ்வொரு முறையும் தன் உடல் வெப்பத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே இந்த விளையாட்டின் உயிர்நாடி.

இன்னொரு விதியும் உண்டு. சுட்டது பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடலின் எந்தப் பகுதியில் பட்டது? அதைச் சுட்டவர் தீர்மானிக்க முடியாது. இரண்டு பகடைகளை உருட்ட வேண்டும். கூட்டுத்தொகை 7 அல்லது 2 ஆனால் நடு மார்பு. 12 ஆனால் தலை. மற்ற எண்களுக்குக் கை, கால், பக்க மார்பு. இரண்டு பகடைகள் 36 விதமாக விழலாம் என்பதை நாம் அறிவோம். அவற்றுள் 7 ஆறு விதங்களிலும், 2 ஒரே விதத்திலும் கிடைக்கும். ஆகவே நடு மார்பில் படுவதற்கான நிகழ்தகவு 7/36. அதாவது, ஐந்து குண்டுகளில் ஏறத்தாழ ஒன்று.

ஒரு சிறு கணக்கு

‘கூனன்’ எனப் பொருள்படும் ‘ஹன்ச்பேக்’ என்ற 50 டன் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் நடு மார்பின் முன்புறக் கவசம் 26 புள்ளி, உள்ளே உள்ள சட்டகம் 16 புள்ளி, ஆக 42. இந்த 42 புள்ளிகளும் அழிந்தால் இயந்திரம் வீழும். எதிரியிடம் ஆறு நடுத்தர லேசர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 5 புள்ளி சேதம் விளைவிக்கும். ஆறும் தவறாமல் படுவதாகவே கொள்வோம்.

பகடை உருட்டினால், ஒரு சுற்றில் நடு மார்பில் படுபவை சராசரியாக 6 × 7/36, அதாவது ஒன்றுக்குச் சற்று மேல். சேதம் ஏறத்தாழ 5.8 புள்ளி. எனவே 42ஐ அழிக்க ஏழெட்டுச் சுற்றுகள் ஆகும். ஒரு நிமிடத்துக்கும் மேற்பட்ட போர்! அதற்குள் கைகள் போகும், கால் முடமாகும், வெப்பம் ஏறும். பின்வாங்குவதா, நின்று போரிடுவதா என்று பலமுறை முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

இப்போது பகடையை எடுத்துவிட்டு, குறி பார்க்கும் உரிமையைச் சுடுபவரிடமே கொடுங்கள். கைத்திறன் உள்ளவர் ஆறு லேசர்களையும் நடு மார்பிலேயே பாய்ச்சுவார். ஒருமுறைக்கு 30 புள்ளி. இரண்டே முறையில் ஆட்டம் முடிந்தது!

கவசத்தின் எண் மாறவில்லை; லேசரின் எண்ணும் மாறவில்லை. ஆயினும் போர் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. கணிப்பொறிக்கு வந்த ராட்சத இயந்திரங்கள் எதிர்கொண்ட சிக்கல் இதுதான்.

பகடை போன பின்

1989இல் டைனமிக்ஸ் நிறுவனம் உருவாக்கி, ஆக்டிவிஷன் நிறுவனம் வெளியிட்ட முதல் மெக்வாரியரில் ஆடுபவர் மேலிருந்து கட்டங்களைப் பார்க்கவில்லை. இயந்திரத்தின் ஓட்டுநர் அறைக்குள் அமர்ந்தார். கூலிப்படைத் தலைவராக ஒப்பந்தம் பேசி, இயந்திரம் வாங்கி, பழுது பார்த்துப் போரிட்டார். பகடை மறைந்து, குறி அவர் கைக்கு வந்தது. எதிரிகளைக் கணிப்பொறியே இயக்கியதால் இந்த மாற்றத்தின் முழு விளைவு அப்போது தெரியவில்லை.

1995இல் வந்த மெக்வாரியர் 2 ஒரு பட்டறையையும் சேர்த்துக் கொடுத்தது. எடையும் இடமும் அனுமதிக்கும் வரை எந்த இயந்திரத்திலும் எந்த ஆயுதத்தையும் மாட்டலாம். ஆடுவோர் மகிழ்ந்தனர். ஆனால் கணக்கைச் சற்றே பாருங்கள். மேசை விளையாட்டின் எண்களின்படி துகள் பீரங்கி 7 டன் எடையில் 10 புள்ளி சேதம் தருகிறது. நடுத்தர லேசரோ 1 டன் எடையில் 5 புள்ளி தருகிறது. குறியும் தன் கையில், பட்டறையும் தன் கையில் என்றால் அறிவுள்ளவர் என்ன செய்வார்? கொள்ளும் மட்டும் ஒரே வகை ஆயுதத்தை அடுக்கி, எல்லாவற்றையும் ஒரே விசையில் சுடுவார். இரண்டு இயந்திரங்களுக்கு இடையே தோற்றத்தைத் தவிர வேறுபாடு குறையும். எல்லையற்ற சுதந்திரம் எல்லாரையும் ஒரே முடிவுக்கு இழுத்துச் சென்றது. 1999இல் வந்த மெக்வாரியர் 3 மூன்று துணை வீரர்களையும், களத்துக்கே வந்து பழுது பார்க்கும் வண்டிகளையும் கொடுத்தது. பட்டறையின் சுதந்திரம் பெரும்பாலும் அப்படியே நீடித்தது.

2000இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட மெக்வாரியர் 4 அந்தச் சுதந்திரத்துக்கு வேலி போட்டது. லேசர் போன்றவற்றுக்கு ஓரிடம், பீரங்கிக்கு ஓரிடம், ஏவுகணைக்கு ஓரிடம் என ஒவ்வோர் இயந்திரத்திலும் இடங்கள் வகுக்கப்பட்டன. பழைய ஆட்டக்காரர்களுக்கு இது குறையாகப் பட்டிருக்கலாம். ஆனால் இயந்திரம் ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம் திரும்பி வந்தது. எதிரே வருவது எந்த இயந்திரம் என்று தெரிந்தால் அது எதைச் சுடும் என ஓரளவு ஊகிக்கவும் முடிந்தது.

இயற்கையில் இல்லாத வெப்பம்

2013இல் கனடாவின் பிரானா கேம்ஸ் நிறுவனம் முழு வடிவில் வெளியிட்ட மெக்வாரியர் ஆன்லைனில் மனிதரே மனிதரை எதிர்த்தனர். பக்கத்துக்குப் பன்னிரண்டு பேர். முன்பு நாம் போட்ட கணக்கு இங்கேதான் முழு வேகத்துடன் வெளிப்பட்டது. நிறுவனம் மேசை விளையாட்டின் கவச எண்களை இரட்டிப்பாக்கியது. 42 என்பது 84 ஆயிற்று. ஆயினும் ஆறு லேசர்களுக்கு மூன்று முறைதான்! பகடை காலத்து ஏழெட்டுச் சுற்றுகள் திரும்பவில்லை.

எனவே வேறு வழிகளும் தேவைப்பட்டன. லேசர் கதிர் ஒரு கணத்தில் பாய்ந்து முடியாமல் ஏறத்தாழ ஒரு நொடி எரிந்தது. அந்த ஒரு நொடியில் தாக்கப்பட்டவர் மார்பைத் திருப்பினால் சேதம் தோளுக்கும் கைக்கும் சிதறியது. பகடை செய்த வேலையை இப்போது அவருடைய கையே செய்தது.

அடுத்து வந்ததுதான் விசித்திரம். ஒரே வகைப் பேராயுதங்களைக் குறித்த எண்ணிக்கைக்கு மேல் அரை நொடிக்குள் சேர்த்துச் சுட்டால், அவை தனித்தனியே தரும் வெப்பங்களின் கூட்டுத்தொகையைவிட அதிக வெப்பம் ஏறும் என்று 2013 ஜூலையில் ஒரு விதி வந்தது. ஆடுவோர் இதைப் ‘பேய் வெப்பம்’ என்று அழைத்தனர். அந்தக் கேலியில் நியாயம் உண்டு. அரை நொடி இடைவெளி விட்டுச் சுட்டால் இல்லாத வெப்பம், சேர்ந்து சுட்டால் எங்கிருந்து வந்தது? ஆற்றல் அழிவின்மை விதியைப் படித்தவர் எவரும் இதை ஏற்கமாட்டார். ஆயினும் இந்தப் பேய் ஒரு பகடையின் பேய்தான். எல்லாக் குண்டுகளும் ஓரிடத்தில் ஒருங்கே விழக்கூடாது என்று மேசைமேல் இரண்டு பகடைகள் சத்தமின்றிக் காத்துவந்த விதியை, இங்கே செயற்கை வெப்பம் காக்க வேண்டியதாயிற்று.

பகடையின் மறுவருகை

2018இல், மேசை விளையாட்டை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஜோர்டன் வைஸ்மன் தலைமையிலான ஹேர்பிரெய்ன்டு ஸ்கீம்ஸ் நிறுவனம் ‘பேட்டில்டெக்’ என்ற பெயரிலேயே ஒரு கணிப்பொறி விளையாட்டை வெளியிட்டது. அதில் ஓட்டுநர் அறை இல்லை. முறை வைத்து ஆட வேண்டும். எங்கே படும் என்பதைக் கணிப்பொறிக்குள் ஒளிந்திருக்கும் பகடையே தீர்மானித்தது. 2019இல் வந்த மெக்வாரியர் 5 மீண்டும் ஓட்டுநர் அறைக்குத் திரும்பியது. நால்வர் சேர்ந்து கணிப்பொறியை எதிர்த்து ஆடலாம். வென்றாலும் சிதைந்த இயந்திரத்தைச் சீர்செய்யப் பணமும் நாட்களும் செலவாகும். ஆகவே கண்மூடித்தனமாக மோதுபவர் வெற்றியிலும் நட்டப்படுவார். 2024இன் ‘மெக்வாரியர் 5: கிளான்ஸ்’ கதைக்கு முதலிடம் கொடுத்தது.

மாணவ நண்பர்களே, இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. அழுத்தமும் பருமனும் எதிர்விகிதத்தில் இருக்கும் என்று பாயில் விதியை ஒப்பிக்கும்போது, ‘வெப்பநிலை மாறாதிருக்கையில்’ என்ற சொற்களைப் பலர் விட்டுவிடுகின்றனர். அந்த நிபந்தனையை எடுத்துவிட்டால் விதி பயன்படாது. 26 என்ற கவச எண்ணும் அத்தகையதே. அது ‘குண்டுகள் சிதறி விழும்போது’ என்ற நிபந்தனையோடு பிறந்தது. நிபந்தனை போய், எண் மட்டும் எஞ்சியபோது விளையாட்டின் சமநிலை குலைந்தது. அதை மீட்க ஒவ்வொரு பதிப்பும் ஒவ்வொரு வழியைத் தேடிற்று.

ஐயமிருப்பின் இரண்டு பகடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் 42 என்று எழுதுங்கள். ஆறு முறை உருட்டினால் ஒரு சுற்று. 7 அல்லது 2 விழும்போதெல்லாம் 5ஐக் கழியுங்கள். எத்தனை சுற்றுகளில் எண் தீர்ந்துபோகிறது என்று குறித்து வையுங்கள். இருபது முறை செய்து சராசரி கண்டால், ஒரு சிறிய தற்செயல் எவ்வளவு பெரிய கவசம் என்பது உங்களுக்கே விளங்கும்.