நீர்நாய் மறு அறிமுகம்

நீர்நாய் மறு அறிமுகம் என்பது நீர்நாய்கள் அற்றுப்போன நீர்நிலைகளில் அவற்றை மீண்டும் விடுவித்து, தாமாகவே இனம்பெருக்கி வாழச் செய்யும் பாதுகாப்பு முறையாகும். விலங்குகளை விடுவிப்பது இம்முறையின் ஒரு கட்டமே ஆகும். அவை அற்றுப்போனதற்கான காரணங்களைக் கண்டறிந்து நீக்குவது முதற்கட்டமாகும்.

இனங்கள்

இந்தியாவில் மூன்று நீர்நாய் இனங்கள் காணப்படுகின்றன. அவற்றுள் ஆற்று நீர்நாய் காவிரி, மாயாறு முதலிய ஆறுகளில் கூட்டமாக வாழ்கின்றது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதனை அழிவாய்ப்புள்ள இனமாக வகைப்படுத்தியுள்ளது. வாளை மீனை உண்ணும் நீர்நாய் பற்றிய குறிப்பு குறுந்தொகையில் உள்ளது.

வாழிடத் தேவைகள்

* ஆண்டு முழுவதும் வற்றாத நீர் அல்லது கோடையிலும் நீர் தங்கும் ஆழமான மடுக்கள்.
* போதிய மீன்வளம். ஆற்று நீர்நாயின் முதன்மை உணவு மீனாகும்.
* குட்டி ஈனவும் ஓய்வெடுக்கவும் ஏற்ற பாறை இடுக்குகள், மரவேர்களின் அடியிலுள்ள வளைகள், நாணல் புதர்கள்.

மணல் அள்ளுதல், கரையோர மரங்களை வெட்டுதல், வெடி வைத்து மீன் பிடித்தல், கழிவுநீர் கலத்தல் ஆகியவை இத்தேவைகளைச் சிதைக்கின்றன. நீர்நாய்கள் வலைகளைக் கிழித்து மீன்களை உண்பதால் மீனவர்களுக்கு இழப்பு ஏற்படுகின்றது. எனவே அவர்களின் ஒத்துழைப்பின்றி இம்முயற்சி நிலைக்காது.

தமிழ்நாட்டில்

2022 இல் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் காவிரி தெற்கு காட்டுயிர் உய்விடம் அறிவிக்கப்பட்டது. ஆற்று நீர்நாய், சதுப்புநில முதலை, லீத் மென்னோட்டாமை ஆகியவை இங்கு வாழ்கின்றன. எஞ்சியுள்ள வாழிடத்தைக் காப்பது, அற்றுப்போன பின் மீட்பதை விட எளிதாகும்.

செஞ்சியாறு

விழுப்புரம் மாவட்டத்தில் கோட்டை நகரான செஞ்சியின் அருகிலுள்ள மலைப்பகுதியில் தோன்றும் செஞ்சியாறு, சங்கராபரணி என்றும் வராக நதி என்றும் அழைக்கப்படுகின்றது. வீடூர் அணையைக் கடந்து புதுச்சேரிக்குத் தெற்கே வங்கக் கடலில் கலக்கின்றது. இதன் நீரின் ஒரு பகுதி வாய்க்கால் வழியாக ஊசுட்டேரி பறவைகள் உய்விடத்தை அடைகின்றது. பருவமழையை நம்பியுள்ள இவ்வாறு கோடையில் பெரும்பாலும் வறண்டுவிடும். இத்தகைய ஆற்றில் விலங்குகளை விடுவிப்பது மட்டும் பயன் தராது. மடுக்கள், ஏரிகள், அவற்றை இணைக்கும் வாய்க்கால்கள், மரமடர்ந்த கரைகள் ஆகியவை முதலில் மீட்கப்பட வேண்டும். இவை நீர்நாய்க்கு மட்டுமன்றி நீர்ப்பறவைகள், ஆமைகள், நன்னீர் மீன்கள் ஆகியவற்றுக்கும் வேளாண்மைக்கும் பயன்படும்.

பிற நாடுகளில்

நெதர்லாந்தில் 1980களின் இறுதியில் அற்றுப்போன ஐரோவாசிய நீர்நாய், 2002 முதல் மீண்டும் விடுவிக்கப்பட்டுப் பெருகியது. ஆயினும் அங்கு சாலை விபத்துகளில் பல நீர்நாய்கள் இறக்கின்றன. சிங்கப்பூரில் மறு அறிமுகம் எதுவும் நிகழவில்லை. 1977 முதல் 1987 வரை சிங்கப்பூர் ஆறு தூய்மைப்படுத்தப்பட்டது. 1990களின் இறுதியில் ஆற்று நீர்நாய்கள் தாமாகவே அந்நாட்டிற்குத் திரும்பின. இன்று அவை நகரின் நடுவிலுள்ள நீர்நிலைகளிலும் குட்டிகளுடன் காணப்படுகின்றன.